செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?



செருப்புப் பொருந்தவில்லை என்று காலைத் தறிப்பார் உண்டோ எனக் கேட்பீர்கள். உண்டு! மறுவாழ்வுப் பணி என்னும் பெயரால் அத்தகைய கொடுமை பல காலம் நடந்தது. இன்னும் அடியோடு ஒழியவில்லை.

மேலைநாட்டுச் செயற்கைக்கால், பூட்சு அணிந்து நாற்காலியில் அமர்பவனுக்கென ஆக்கப்பட்டது. நம் வைத்திக்குப்பத்து மீனவரோ மணலில் வெறுங்காலுடன் நடப்பவர். சம்மணமிட்டு வலையைச் செப்பனிடுபவர். பாகூர் உழவரோ சேற்றில் இறங்குபவர். மடங்காத காலை அவர்கள் என் செய்வர்? மூலையில் சாத்தி வைப்பர். "கொடுத்தோம்; பயன்படுத்தத் தெரியவில்லை; அறியாமை!" என்று ஏட்டில் எழுதிவிடுவது எளிது. அறியாமை எவருடையது?

ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968 அளவில் இதற்கு விடை கண்டனர். குந்தவும், சம்மணமிடவும், வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் ஏற்ற ரப்பர்ப் பாதத்தை உருவாக்கினர். சர்மா பட்டம் பெற்றவரல்லர். நம் மக்கள் எப்படி உட்காருவர் என அறிந்தவர். 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

காலோடு முடியும் செய்தியன்று இது. புதுவை ஆட்சிப் பகுதியிலேயே மாகே மலையாளம் பேசுகிறது. ஏனாம் தெலுங்கு பேசுகிறது. எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே அறிவுரை என்றால் யாருக்குப் பயன்?

"பண்பாட்டை மதிப்பதென்றால், ஊனம் முற்பிறவிப் பாவம் என்பதையும் மதிப்பதா?" என வினவுவர் சிலர். வேண்டா! அந்த மூடநம்பிக்கையை முறியடித்தே தீரவேண்டும். ஆனால் தரையில் அமர்வது மூடநம்பிக்கையா? அது உழைப்பாளியின் பிழைப்பு!

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். பத்தில் ஏழு பேர் அளவுக்குச் சிற்றூர்வாசிகள். மறுவாழ்வுப் பணி சிற்றூர்களிலும் மக்கள் வாழுமிடத்துக்கு இயன்றவரை அருகில் அமையவேண்டும் என்கிறது, 2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு. ஏட்டில் உள்ளது வீட்டுக்கு வரவேண்டாமா?

பிரெஞ்சு ஆட்சியில் வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் ஒரு வாய்க்கால் பிரித்தது. 1954இல் ஆட்சி கைமாறியது. அலுவலகத்துக்கும் குடிசைக்கும் இடையே இன்னொரு வாய்க்காலை நாம் விட்டு வைப்பதோ?

தோழர்களே, உங்கள் பகுதியில் கேளுங்கள்: கருவி தருமுன், பெறுவோரின் வீட்டையும் தொழிலையும் பார்த்தீர்களா? தேர்ந்தெடுக்கும் குழுவில் மாற்றுத்திறனாளிகள் அமர்ந்துள்ளனரா? அவர்களைக் கையேந்தி நிற்க வைத்தது போதும். இனி அளவு சொல்ல வேண்டியவர்கள் அவர்களே!