பாபநாசத்துக் கணக்கு

கும்பகோணத்திற்கும் தஞ்சாவூருக்கும் இடையே, குடமுருட்டி நதி பாய்ந்து வளஞ்செய்யும் நெல்வயல்களின் நடுவே அமைந்த பாபநாசம் நம் வாசகர்கள் அறியாத ஊரன்று. தாமிரவருணிக் கரையில், பொதிகைமலை அடிவாரத்திலுள்ள பாபநாசம் வேறு; அதன் பெருமையும் வேறு. நாம் இங்கே எழுதப் புகுந்தது, தஞ்சைப் பாபநாசத்தில் நூற்றெட்டுச் சிவலிங்கங்களுடன் விளங்கும் இராமலிங்க சுவாமி ஆலயத்தின் ஸ்தல புராணத்தைப் பற்றியாகும். இவ்வாலயத்தைக் குறித்து இப்பொழுது பேசுவோரில் பெரும்பாலார் ‘தோஷ நிவர்த்தி’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர். எந்தத் தோஷம், யாருடைய தோஷம், அது எவ்வாறு நீங்கிற்று என்று கேட்பார் அருகிவிட்டனர்.

புராணம் கூறுவது இது: இராமபிரான் இலங்கையை வென்று, இராவண வதத்தால் நேர்ந்த பிரமஹத்தியை இராமேசுவரத்திலே சிவபூஜையால் போக்கிக்கொண்டு, சீதையுடனும் தம்பியுடனும் அனுமனுடனும் திரும்பி வருகிறார். போரும் முடிந்தது, பரிகாரமும் முடிந்தது. ஆயினும் ஏதோ ஒரு தோஷம் தம்மைத் தொடர்ந்து வருவதை அவர் உணர்கிறார். நெடுநாளைக்கு முன் தண்டகாரணியத்தில் கரன், தூஷணன் என்னும் அரக்கர்களைக் கொன்ற பாவம் அது. நூற்றெட்டு லிங்கங்களைப் பிரதிஷ்டை செய்து வழிபடத் தீர்மானித்து, காசியிலிருந்து ஒரு லிங்கம் கொண்டுவர அனுமனை அனுப்புகிறார். அனுமன் வரத் தாமதமாகவே, மண்ணால் சமைத்த லிங்கங்களைக் கொண்டு வழிபாடு நடந்தேறுகிறது. பின்னர் வந்து சேர்ந்த காசி லிங்கம் தனியே பிரதிஷ்டை ஆகிறது. உள்ளே நூற்றேழு, அனுமன் கொணர்ந்தது ஒன்று. அந்த ஒன்றையும் தரிசித்தாலன்றி எண்ணிக்கை நிறைவதில்லை.

இராமேசுவரத்திலும் இதே கதைதானே, மணல் லிங்கமும் அனுமனின் தாமதமும் அங்கேயும் உண்டே, ஒரே கதைக்கு இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடலாமா என்று சிலர் நகைப்பர். அம்பாளின் திருநாமம்கூட இரண்டு இடத்திலும் பர்வதவர்த்தினியே; பாபநாசத்திற்குக் ‘கீழை இராமேசுவரம்’ என்றே ஒரு பெயர் வழங்குகிறது. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ரெயில் இல்லாத காலத்தில் சேதுவுக்கு நடந்து செல்ல இயலாத குடியானவனுக்குச் சேதுவை அவன் வாய்க்கால் கரைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள் நம் முன்னோர். திருவையாறு, திருவிடைமருதூர், மாயூரம், திருவெண்காடு, சாயாவனம், ஸ்ரீவாஞ்சியம் ஆகிய ஆறும் காசிக்குச் சமானம் என்று சொல்லிவைத்ததும் இக்காவிரிநாட்டு வழக்கமே. மகாமகத்தன்று கங்கையே கும்பகோணத்துக் குளத்திற்கு வருகிறாள் என்று நம்பிய ஜனங்கள், இத்தேசம் ஒன்று என்பதை எந்தச் சர்க்காரும் வந்து போதிக்குமுன்னரே அறிந்திருந்தனர். பூகோளத்தைப் பற்றிய வாதத்தை இவ்வளவோடு விடுவோம்.

நம் கருத்தைக் கவர்வது கதையின் வேறொரு பகுதி. இராமபிரானுடைய வழக்கை ஒரு நியாயஸ்தலத்தில் விசாரித்தால் தீர்ப்பு என்னவாகும்? கரன் முதலில் பதினால்வரை ஏவினான். பின்னர் பதினாலாயிரம் பேர் கொண்ட சேனையுடன் தானே வந்தான். எதிர்த்து நின்றவர் ஒருவர். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் அமுலில் உள்ள நியாய சங்கிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளும் தற்காப்புரிமையைத் தெளிவாக வழங்குகின்றன. (எதிர்க்கட்சி வக்கீல் சூர்ப்பணகையின் மூக்கைப் பிரஸ்தாபிக்காமல் விடமாட்டார் என்பது வாஸ்தவமே.) எந்த நீதிபதியும் ‘குற்றவாளியல்லர்’ என்றே எழுதுவார். ஆனால் இந்த ஸ்தல புராணம் அவ்விதம் எழுதவில்லை. சட்டம் விடுவித்தவரை அவருடைய செய்கை விடவில்லை என்று எழுதிற்று. உலகம் வெற்றி என்று கொண்டாடியதை, வென்றவரே கடன் என்று கணக்கில் எழுதிக்கொண்டார்.

அவதார புருஷனுக்குப் பாவம் ஏது என்று வைதிகர் சிலர் கேட்கக்கூடும். வால்மீகி இராமாயணத்தில் பாபநாசத்துக் கதை இல்லையே என்று படித்தவர்கள் கூறக்கூடும். இல்லைதான். இல்லாத கதையை இவ்வூர் ஜனங்கள் ஏன் வேண்டிச் சேர்த்தார்கள் என்பதல்லவா யோசிக்கத்தக்கது? தெய்வத்திற்கே செய்கையின் பொறுப்பு உண்டு என்று சொன்னால்தான் அரசனுக்கும் மிராசுதாருக்கும் அது உறைக்கும் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் அப்பர் சுவாமிகள் பாடிய பாலைவனநாதர் ஆலயம் இருக்கிறது. அங்கே நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று, பெரிய கோபுரத்தின் தோற்றத்துடன், இன்றும் நிற்கிறது. அதைக் காணும் யாத்ரீகர் அக்காலத்துச் செழிப்பை வியக்கின்றனர். வியக்கத்தக்கதே. ஆனால் இந்நாட்டுக் களஞ்சியங்களை நிரப்பிய நெல்லை நட்டவர் யார், அறுத்தவர் யார்? தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாக உழைத்த அம்மக்களுக்கு, அவர்கள் விளைத்த நெல் நைவேத்தியமாகும் சந்நிதிக்குள் நுழைய உரிமை இல்லை. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு பிரவேசித்தார். அவ்வாண்டே தஞ்சைப் பெரிய கோயிலும் திறக்கப்பட்டது. 1947இல் வந்த சட்டம் ராஜதானியின் எல்லா ஆலயங்களையும் திறந்துவிட்டது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நல்ல சட்டங்கள்தாம். எனினும் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அந்நாளைய தஞ்சை ஜில்லாவின் கீழவெண்மணியில், கூலி நெல் உயர்த்திக் கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிந்து மாண்டார்கள். கீழ்க்கோர்ட்டில் விதித்த தண்டனையை ஹைகோர்ட்டு நீக்கிவிட்டது.

அத்தீர்ப்பைப் பற்றி நாம் மறுவிசாரணை நடத்த முற்படவில்லை. விடுதலையானோர் சட்டப்படி விடுதலையானவர்களே. ஆயின் 44 உயிர்களின் கணக்கு ஒரு தீர்ப்போடு முடிந்துவிட்டதென்று இக்காவிரிநாட்டார் கருதுவாராயின், அவர்கள் நூற்றெட்டு லிங்கங்களை எத்தனை முறை வலம்வந்தாலும் அந்த ஸ்தல புராணத்தை ஒரு வரியும் அறிந்தவராகார். நெருப்பு வைத்தவர் சிலராக இருக்கலாம். அந்நெருப்புக்கு இடங்கொடுத்த ஏற்பாட்டின் பலனை உண்டவர் பலர். பழங்கதை என்றும் இதைத் தள்ள முடியாது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், ஆதிதிராவிட மக்கள் உள்ளே வருவதைத் தடுத்த தகராற்றினால் திரௌபதியம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைக்க நேர்ந்தது. சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னர் நடந்தது இது.

ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் கார்களில் வந்திறங்கும் பெரிய மனிதர்களையும் பதவி வகிப்போரையும் பரிகார ஸ்தலங்கள் எங்கும் காண்கிறோம். அவர்களுடைய பக்தியை நாம் பழிக்கவில்லை. தாம் செய்தது இன்னது என்று இராமபிரான் முதலில் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். லிங்கம் அதன் பிறகே வந்தது. இப்பொழுது வரிசை தலைகீழாகிவிட்டது. செய்தது இன்னதென்று சொல்லாமலே அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறார்கள்.

ஆலய நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: கரதூஷணர் கதையை முழுவதும், எளிய தமிழில், யாத்ரீகர் நின்று படிக்கும்படி வாயிலில் எழுதிவைக்க வேண்டும். செலவு அதிகமாகாது. நம் தேச ஊழியர்களுக்குள்ள வேலை அதைவிடச் சற்றுக் கடினம். டெல்டாக் கிராமம் ஒவ்வொன்றிலும் சுவாமி புறப்பாடு எந்தத் தெருவரை போகிறது, எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது, முதல் மரியாதை யாருக்கு, எவர் கையால் தேர்வடம் தொட அனுமதியில்லை என்று நேரில் விசாரித்து எழுதி, அக்கணக்கை அவ்வவ்வூர்ப் பெரியவர்கள் முன் வைக்க வேண்டும். வரும் மகாசிவராத்திரிக்கு முன்னர் பாபநாசம் வட்டத்திலேனும் இவ்வேலை தொடங்கட்டும்.