குட்டியோடு கடல் கடந்த நோய்

மணவாசலில் வாழை கட்டுகிறோம். "வாழையடி வாழையாக வாழ்க" என்று வாழ்த்துகிறோம். தாய்மரத்தடியிற் குட்டி பெயர்த்து உறவினருக்கு அளிப்பதும் நம்மவர் வழக்கமே. இந்த நல்வழக்கையே வாகனமாகக் கொண்டு உலகைச் சுற்றிய நோய் ஒன்றுண்டு. அதுவே முடிக்கொத்து நோய்.

நோயுற்ற வாழையின் புதிய இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியிற் கொத்தாக நெருங்கி நிற்கும். காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். இளமையிலேயே நோய் பற்றிய மரம் குலை ஈனுவதில்லை.

இதற்குக் காரணம் ஒரு வைரசு. அதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்வது அழுக்கணவன் என்னும் சிறு பூச்சி என்பதை அவுஸ்திரேலிய அறிஞர் மகீ 1920களில் நிறுவினார். தாயைப் பற்றிய வைரசு குட்டிக்கும் இறங்கும். பூச்சி பெரும்பாலும் அண்டை மரங்களையே நாடும். வைரசைக் கடல் கடத்தியவன் மனிதனே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிஜித் தீவில் அறியப்பட்ட இந்நோய், 1913இல் அவுஸ்திரேலியாவிலும் நமது இலங்கையிலும் காணப்பட்டது. 1940களில் கேரளத்துக் கோட்டயம் பகுதியில் தலைகாட்டியது. இலங்கையிலிருந்தே அங்குச் சென்றதென்பர். பின்னர், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சுவையூட்டும் விருப்பாட்சி மலைவாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. 1989இல் ஹவாய்த் தீவிலும் கண்டறியப்பட்டது.

இவ்வைரசின் மரபுப்பொருள் ஆறு சிறு வளையங்களாக அமைந்துள்ளது. அவற்றை ஆராய்ந்தோர் இரு பெருங் கிளைகளைக் கண்டனர். பிலிப்பைன்ஸ், தைவான், வியட்நாம் முதலிய நாடுகளின் வைரசுகள் ஒரு கிளை. இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, ஹவாய், ஆபிரிக்கா ஆகியவற்றினவை மற்றொன்று. இத்துணைத் தொலைவிலுள்ள நிலங்களின் வைரசுகள் நெருங்கிய உறவினவாய் இருப்பது, குட்டிகள் கைமாறிய வரலாற்றையே காட்டுகின்றது. இருவகை வைரசுகள் ஒரே மரத்திற் சேர்ந்தால், வளையங்கள் மாறிக் கலந்து புதுவகை பிறக்கவுங் கூடும். ஆதலின், நோய் முன்னரே உள்ள நாட்டிலும் அயல்நாட்டுக் குட்டிக்கு இடந்தருதல் ஆகாது.

நோயுற்ற மரத்துக்கு மருந்தில்லை. அவுஸ்திரேலியர் 1920களிற் பெருநட்டமுற்றபின், நோயுற்றவற்றை அழித்தும், குட்டிகள் இடம்பெயர்வதைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியும் வாழைத்தொழிலை மீட்டனர். பொதுமக்களின் ஒத்துழைப்பின்றி இது கைகூடாது.

மட்டக்குளியில் மதிலோரம் இரண்டு வாழை வளர்ப்போருக்கும் இதிற் பங்குண்டு. நோய்க்குறி தோன்றச் சில வாரங்கள் செல்லும். ஆதலாற் செழித்த குட்டியையும் கண்ணால் மட்டும் நம்பலாகாது. சோதிக்கப்பட்ட இழைய வளர்ப்புக் கன்றுகளையே நாடுவோம். நோய் கண்டால், முதலிற் பூச்சியைக் கொன்று, பின்னர்ப் புதர் முழுவதையும் கிழங்கோடு அகழ்ந்து அழிப்போம். ஒரு மரத்தை இழக்க மனம் வருந்தலாம். அண்டை வீட்டார் வாழையேனும் தழைக்குமன்றோ?