பந்திக்கு முந்துவோர் பத்திரத்துக்கும் முந்துக!

முன்னாளில் நம்மூரில் ஒரு கலியாணம் என்றால் அயலவரும் உற்றாரும் முதல்நாளே கூடிக் காய்கறி நறுக்குவர். கிடாரத்தருகே ஊர்ச் சமையற்காரர் நிற்பார். இன்று பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கின்றனர். அயலிலே கைகொடுக்க ஆளில்லை. ஆகவே, திருமணமாயினும் அந்தியேட்டியாயினும் உணவைச் சமைத்துக் கொணர்ந்து, பந்தியிலே பரிமாறி, பாத்திரம் கழுவிக்கொண்டு திரும்பும் ஒரு தொழில் நம்மிடையே பரவி நிற்கின்றது. ‘கேற்றரிங்’ என்று ஊரார் அழைக்கும் இத்தொழிலிலே, 2009இல் போர் முடிந்தபின் குடும்பப் பாரத்தைத் தனியே தாங்க நேர்ந்த பெண்கள் பலர் இறங்கியுள்ளனர். அவர்தம் கைப்பக்குவத்தில் குறையில்லை. குறையெல்லாம் அவர்தம் கையிலே ஒரு துண்டுக் கடதாசிதானும் இல்லாமையே!

இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான வேலையை வாய்ச்சொல்லை நம்பியே ஏற்கின்றனர். “நாம் ஊருக்குள்ளே ஒருவரையொருவர் நம்பி வாழ்பவர்கள், எழுத்துக் கேட்பது அவநம்பிக்கை அன்றோ?” என்பர் சிலர். அவர்களை ஒன்று கேட்கின்றேன். மகளுக்குச் சீதனம் கொடுக்கும் தந்தை நொத்தாரிசிடம் சென்று உறுதி முடிக்கின்றாரே, அவர் தம் மருமகனை நம்பாதவரா? காணிக்கு எழுத்து மரியாதையாகுமானால் உழைப்புக்கு மட்டும் அது அவமரியாதை ஆவது எங்ஙனம்?

பெயரும் பொறுப்பும்

தொழிலின் முதற்படி பெயர். தம் சொந்தப் பெயரன்றி வேறொரு பெயரிலே வணிகம் செய்வோர் அப்பெயரைப் பதிவுசெய்தல் வேண்டுமென்பது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின் விதி. இதனைப் பிரதேச செயலகத்தின் வழியாகச் செய்துகொள்ளலாம். பதியாதவர் அப்பெயரால் செய்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வழக்காட வருங்கால், அப்பதியாமையே அவருக்குத் தடையாக நிற்கும். பெயர்ப்பலகைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், இத்தடையை நீக்க!

இருவர் மூவர் கூடித் தொழில் தொடங்குவது நம் வழக்கம். ஒருவர் பாத்திரம் தருவார். ஒருவர் வாகனம் தருவார். ஒருவர் கைத்திறன் தருவார். மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால் அப்பங்குடைமை எழுத்திலே கையொப்பத்துடன் இருத்தல் வேண்டுமென்று 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. இன்று ஆயிரம் ரூபாவுக்கு ஒரு நல்ல தாச்சியும் வாராது. ஆகவே எல்லாக் கூட்டுக்கும் எழுத்து வேண்டும் என்பதே இதன் பொருள். எழுதாவிட்டால் விளைவு யாது? கடன்கொடுத்தவர் உங்களைப் பங்காளர் எனக் காட்டி வழக்கிடச் சட்டம் இடந்தரும். நீங்களோ பங்காளர் என்ற உரிமையை ஒருவர்மீதொருவர் நாட்ட இயலாது தவிப்பீர்கள். பாரம் மட்டும் உண்டு, பலன் இல்லை!

பங்குடைமையில் தொழிற்கடன் ஒவ்வொரு பங்காளரின் வீடுவாசலையும் தொடும். இதனை அஞ்சுவோர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் ஒரு தனியார் கம்பனியைப் பதியலாம். பங்காளர் ஒருவரே போதும். ஆயினும் வங்கி கடன் தருங்கால் பணிப்பாளரின் சொந்தப் பிணையைக் கேட்குமாயின், அந்தக் கவசத்திலே ஓட்டை விழுந்ததென்று அறிக.

அடுப்பு ஓரிடம், பந்தி வேறிடம்

உணவகத்துக்கும் இத்தொழிலுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கின்றது. உணவகத்திலே சமைப்பதும் உண்பதும் ஒரே கூரையின்கீழ். இங்கோ சமைப்பது ஓரிடம், உண்பது பத்துக் கல் தொலைவில். சமையற்கூடத்துக்கு உள்ளூராட்சிச் சபையின் அனுமதியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பதையும் வழங்குவதையும் குற்றமாக்குகின்றது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமோ, விற்ற பொருள் அதன் நோக்கத்துக்குத் தக்கதாய் இருத்தல் வேண்டுமென்ற நிபந்தனையை, நீங்கள் வாய்திறந்து சொல்லாவிடினும், உரிய விடயங்களில் ஒப்பந்தத்தில் தானே சேர்த்துவிடுகின்றது.

காலை நான்கு மணிக்கு வடித்த சோறு நண்பகல் பன்னிரண்டுக்கு இலையிலே விழுகின்றது. சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், குளிரவைத்த உணவு 5 பாகைக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். இடைப்பட்ட வெப்பத்திலே கிருமி பெருகும். சோற்றிலே பெருகும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே வெப்பமானி ஒன்றும் மூடிய சூட்டுப்பெட்டிகளும் ஆடம்பரமல்ல; அவையே உங்கள் முதல் வழக்கறிஞர்.

வீட்டாரின் முற்றத்திலேயே சமைப்பதாயின் வேறொரு வினா எழுகின்றது. கிணற்று நீர் அவர்களுடையது. விறகும் பந்தலும் அவர்களுடையவை. அந்நீரால் நோய் வந்தால் பொறுப்பாளி யார்? முன்கூட்டி எழுதாவிடின் பழி சமைத்தவர் தலையிலேதான் விழும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

உடன்படிக்கை நீண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். நாள், நேரம், இடம், கறிவகை, இத்தனை சாப்பாடு என்ற எண்ணிக்கை, அதனை இறுதியாக அறிவிக்க வேண்டிய நாள், ஒரு சாப்பாட்டின் விலை, அச்சவாரம் எவ்வளவு, மிகுதி எப்போது, நிகழ்ச்சி நின்றுபோனால் அச்சவாரத்தின் கதி, நீரும் மின்சாரமும் யார் பொறுப்பு, எஞ்சிய உணவு யாருக்கு. இவற்றின்கீழ் இருவர் கையொப்பமும் வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு: 300 சாப்பாடு, ஒன்று 900 ரூபா, வரவு 270,000. அரிசி, காய்கறி, எண்ணெய் முதலியவற்றுக்கு 150,000, கூலி 45,000, வாகனமும் வாடகைப் பாத்திரமும் 25,000, எரிபொருள் 15,000. எஞ்சுவது 35,000. அதிலே ஊழியர் நிதிகளுக்கு முதலாளி செலுத்த வேண்டிய 6,750 போக, 28,250. இந்நிலையில் வீட்டார், “வந்தோர் 270 பேர்தானே!” என்று 30 சாப்பாட்டின் பணத்தை மறுத்தால் 27,000 போய்விடும். பத்துப்பேர் இரவுபகல் உழைத்த தொழிலுக்கு மிஞ்சுவது 1,250 ரூபா! எண்ணிக்கையை எழுதாததன் விலை இது.

காலமும் காத்திருப்பதில்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக்கொடுத்த பொருளுக்கும் செய்த வேலைக்கும் உரிய பணத்தைக் கேட்டு ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். எழுதப்பட்ட உடன்படிக்கையின்மீது எழும் வழக்குக்கு அதே சட்டம் ஆறாண்டு தருகின்றது. எழுத்திருப்பினும் ஓராண்டு கழியுமுன் சட்டத்தரணியை நாடுவதே புத்தி. “வெளிநாட்டிலிருந்து மகன் காசு அனுப்பட்டும்” என்று தவணை சொல்வோரை நம்பி உரிமையை இழந்துவிடாதீர்கள்.

உழைப்போர் உரிமை

தம் உரிமையைக் கேட்பவர் பிறர் உரிமையை மறுக்கலாகாது. நாட்கூலி என்பதால் சட்டம் விலகிச் செல்வதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3 வீதமும் செலுத்துதல் வேண்டும். கொதிக்கும் எண்ணெய் சிந்தி ஒருவர் கை வெந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலாளியின் வாயிலுக்கு வரும். இதற்கும், விருந்தினர்க்கு நேரும் தீங்குக்கும் காப்புறுதி பெறுக. பரிமாறப் பள்ளிச் சிறுவரை அழைக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டுவிட்டது.

பெண்ணுக்கு ஒரு பூட்டு

கடைசியாக மூலதனம். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை ஈடுவைத்துக் கடன்பெற விரும்பினாலும், கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமென்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. கணவன் காணாமலாக்கப்பட்டவனாயின் யாரிடம் இசைவு கேட்பாள்? இருப்பிடம் தெரியாத கணவனின் இசைவுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றின் அனுமதியை மனுச்செய்து பெறலாம் என்ற வழி அச்சட்டத்திலேயே உண்டு. வழியிருப்பதை அறியாமலே வட்டிக்காரனிடம் நகையைக் கொடுத்தோர் எத்தனை பேர்! தன் உழைப்பால் பத்துக் குடும்பத்துக்குக் கூலி கொடுக்கும் பெண்ணுக்குத் தன் காணியை ஆளும் தகுதியில்லை என்று கூறும் விதியை நாமே முன்வந்து திருத்தக் கோருதல் வேண்டும். பழைமை என்பதற்காக அநீதி நம்முடையதாகிவிடாது.

நம் பிரதேச சபைகளுக்கும் ஒன்று சொல்வேன். அனுமதிக்கு வேண்டிய பத்திரங்கள், கட்டணம், நிபந்தனை ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாயிலிலே தொங்கவிடுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழென்று அரசியலமைப்பு கூறுகின்றது. ஆதலால் இது எவரும் அளிக்கும் சலுகையன்று. சட்டம் அறியாதவரைத் தண்டிக்கு முன் சட்டத்தை அறிவிப்பது ஆள்வோர் கடமை. ஊருக்கே உணவிடும் கைகள் இனியேனும் ஒரு கையொப்பமிடத் தயங்காதிருக்கட்டும். உரிய கூலியை உரிமையோடு கேட்டுப் பெறட்டும்!