விலைக்கு வாங்கும் ப்ராஜெக்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்வராயன் மலைப் பக்கத்துக் குடியானவர்கள் கடன்பட்டுப் பிள்ளைகளை விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்க்க, அப்பிள்ளைகளில் சிலர் இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கி, பைண்டு செய்து சமர்ப்பித்துவிடுகிறார்கள் என்று எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வெகு சகஜமாகச் சொல்லக் கேட்டுத் திகைத்தேன்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950-களில் பயின்ற அப்துல் கலாம், தம் கல்லூரி ப்ராஜெக்டாகத் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றைச் சகாக்களுடன் வடிவமைக்கையில், வேலை பிந்தியது கண்ட பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் அவகாசம் தந்து, தவறினால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்று எச்சரிக்க, இராச் சாப்பாட்டையும் துறந்து அதனை முடித்த விருத்தாந்தம் பிரசித்தம். பிற்பாடு அவர் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் என்ஜின்களைப் பிரித்துப் பழுதுநீக்கும் பயிற்சி பெற்றதை அதிகம் பேர் சொல்வதில்லை.

இத்தகைய கைப்பயிற்சியின் அவசியத்துக்குப் பராமரிப்புச் சோதனை ஒன்றைச் சொல்வேன்: உலோகப் பாகத்தின்மேல் செஞ்சாயம் பூசி, சற்றுப் பொறுத்துத் துடைத்து, வெண்பொடி தூவினால், கண்ணுக்குப் புலப்படாத விரிசல் மெல்லிய சிவப்புக் கோடாகக் கசிந்து தோன்றும். இதைத் தன் கையால் செய்து பாராதவன், விமானம் பறக்கத் தகுதியுடையதென்று நாளைக்குக் கையொப்பமிடுவது விபரீதம் அன்றோ! ஆதலால் பரீட்சகர்கள் ஏட்டைப் புரட்டுவதோடு நில்லாது, மாணவனை ஹாங்கருக்கு அழைத்துச் சென்று, எழுதியதைச் செய்துகாட்டச் சொல்லக் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கருணாபுரம், கள்ளக்குறிச்சி.