சப்பாத்தி எல்லோருக்கும் பத்தியமாகாது

"சோற்றை நிறுத்து, சப்பாத்திக்கு மாறு, இன்சுலின் ஊசி தானே குறையும்" என்று வல்லம் பக்கம் சர்க்கரை நோயுள்ள சிறுபிள்ளையைப் பெற்றவர்களிடம் சொல்கிறீர்கள், கஷாய வைத்தியர்களே. முதல் வகைச் சர்க்கரையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பால் வந்ததில்லை, பத்தியத்தால் போகாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் போடும்வரை, பட்டினிப் பத்தியம்தான் வைத்தியம். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிச் செத்தார்கள்.

அதே எதிர்ப்புச் சக்தி சிறுகுடலையும் தாக்கலாம். சீலியாக் என்கிற அந்த நோயும் சேர்ந்த பிள்ளைக்குக் கோதுமையே ஆகாது. குடலின் உட்சுவர் புண்ணாகி, தின்றது ஒட்டாது. போட்ட ஊசி மட்டும் வேலை செய்யும். நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி, வேர்த்து நடுங்கும். அந்தப் பிள்ளைக்கு நம்மூர் கேழ்வரகுக் களி ஆகும், உருண்டைக்குத் தகுந்த இன்சுலினோடு. அதையும் கோதுமை அரைத்த மிஷினில் அரைக்கக்கூடாது. ஒட்டியிருக்கும் மாவே போதும், கெடுக்க.

தைராய்டு மந்தமானாலும் இன்சுலின் தேவை குறையும். அதை உங்கள் கஷாயத்தின் வெற்றி என்று காட்டாதீர்கள். டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி, வாந்தியும் மூச்சிரைப்புமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது அந்தத் தாய்தான்.