பெயர் மட்டும் திருச்சிக்கா?

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் ஒன்பதாவது சீசன் 2025 ஜூலை 6 அன்று திண்டுக்கல்லை அடுத்த நத்தத்தில் முடிந்துவிட்டது. கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என நான்கே இடங்கள். இம்முறையும் திருச்சிக்கு ஓர் ஆட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. 2016-இல் போட்டி தொடங்கியதிலிருந்து திருச்சியின் பெயரில் ஓர் அணி ஆடிவருகிறது. அந்த அணி திருச்சி மண்ணில் ஒரு பந்துகூட வீசியதில்லை. இந்தப் புறக்கணிப்பை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை.

மாவட்டத்து இளைஞர்களைத் தொழில்முறை ஆட்டத்துக்கு உயர்த்துவதற்காகப் பிறந்த போட்டி இது. அது வீண்போகவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் 2016-இல் திண்டுக்கல் அணிக்காக வீசிய யார்க்கர்கள்தான் அவரை ஊரறியச் செய்தன. அடுத்த ஆண்டே ஐ.பி.எல். பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். இத்தகைய பையன்கள் திருச்சியை ஒட்டிய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இல்லையா?

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்தில் முந்திரிக் கொல்லைகளை ஒட்டிய திடலில் பந்து வீசும் சிறுவன் இந்தப் போட்டியை நேரில் பார்க்க வேண்டுமானால் பஸ் மாறித் திருச்சி, அங்கிருந்து திண்டுக்கல், பிறகு நத்தம் என்று அலைய வேண்டும். இரவு ஆட்டம் முடிந்தபின் ஊர் திரும்ப வழியில்லை. திருச்சியில் நடந்தால் அவன் அப்பாவோடு போய்வந்துவிடுவான். தொலைக்காட்சியில் மட்டுமே வீரர்களைப் பார்க்கும் பிள்ளைக்குத் தானும் அங்கே நிற்கலாம் என்ற எண்ணம் எப்படி வரும்?

திருச்சியில் தரமான ஆடுகளமும் மின்விளக்கு வசதியும் இல்லை என்று காரணம் சொல்லலாம். 2020 பிப்ரவரிக்கு முன் சேலத்தை அடுத்த வாழப்பாடியிலும்தான் மைதானம் இல்லை. மனம் வைத்தார்கள், உருவானது. அந்த மனம் திருச்சிக்கு ஏன் வரவில்லை?

ஊர்களை அலட்சியப்படுத்துவது போட்டியை நடத்துபவர்களுக்குப் புதிதல்ல. முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடியின் பெயர் இன்று பட்டியலிலேயே இல்லை. காரைக்குடி அணி திருப்பூருக்குப் போய்விட்டது. காஞ்சியும் காணாமல் போனது. 2018-இல் வென்ற மதுரை அணிக்கும் சொந்த ஊரில் ஆடும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. திருச்சி அணியோ ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி திருச்சி, திருச்சி கிராண்ட் சோழாஸ் என்று மூன்று பெயர் கண்டுவிட்டது. 2021-இல் இறுதி ஆட்டம் வரை போய் 8 ரன்னில் கோப்பையைத் தவறவிட்டபோதும் அந்த முயற்சியைக் கொண்டாடச் சொந்த மைதானம் இல்லை.

சோழர் பெயரை அணிக்குச் சூட்டத் தெரிந்திருக்கிறது. அந்தச் சோழர்களின் தலைநகராக இருந்த கங்கைகொண்ட சோழபுரம் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஆட்டம் நடத்த ஒன்பது சீசன்களாக யாருக்கும் தோன்றவில்லை.

உரியவர்கள் இப்போதாவது விழித்துக்கொண்டு ஆவன செய்ய வேண்டும். பத்தாவது சீசன் அட்டவணையிலும் திருச்சி இல்லையென்றால், அணியின் பெயரிலிருந்து அந்த ஊரை எடுத்துவிடுவதே நேர்மை.