கேளாமல் வந்த சட்டம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று வாக்காளரையே நேரடியாகக் கேட்கிறார்கள். பெருந்தேர்தல்கள் நடக்கும் இரட்டைப்படை ஆண்டுகளில் இக்கேள்விகள் குவிகின்றன. ஒற்றைப்படை ஆண்டுகளில் அருகிவிடுகின்றன. தஞ்சைத் தரணியில் நம்மை எந்த ஆண்டிலும் எவரும் அவ்வாறு கேட்டதில்லை.

மன்னார்குடிப் பகுதி மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்றது மத்திய அரசு. அடுத்த மாதமே மாநில அரசின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வரவேற்றோம். ஆயினும் அதுவும் கேளாமல் வந்ததே. ஏற்கெனவே இயங்கிய திட்டங்களை அது தொடவுமில்லை. கேளாமல் தந்ததைக் கேளாமலே பறிக்கவும் இயலும்.

கிராமசபைத் தீர்மானம் இருக்கிறதே என்பர். அது விண்ணப்பம், அரசைக் கட்டுப்படுத்தும் ஆணையன்று. சட்டமன்றத் தேர்தல் இருக்கிறதே என்பர். அங்கே மீத்தேனுக்கும் சாலைக்கும் கடன் தள்ளுபடிக்கும் சேர்த்து ஒரே விரல் மையால் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. உழவருக்கு நுட்பம் தெரியாது என்பதோ வீண்வாதம்: ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறுவதை முதலில் நாவில் அறிபவர் அவரே.

நாம் கோருவது ஒன்றே. டெல்டாவின் நிலத்தடியைத் தொடும் எத்திட்டமும் ஊராட்சிதோறும் வாக்கெடுப்புக்கு வரட்டும். அம்முடிவு அரசைக் கட்டுப்படுத்தட்டும். திட்டம் வரும்போதே அதற்கு நாள் குறிக்கட்டும். குறுவைக்கும் சம்பாவுக்கும் தேர்தல் ஆண்டென்று தனியே ஒன்று கிடையாது.